கஷ்டமான ஹோலா, கெட்ட ஹோலா?

செட்டிபாளையம் என்றால் நம்மாட்களுக்கு கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்தான் ஞாபகம் வரும். அதே ஊரில் கோயமுத்தூர் கோல்ஃப் கிளப்பும் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. (பணக்காரங்க ஆட்டம், நமக்கெதுக்குங்கறீங்களா? கொஞ்சம் பொறுங்க, விஷயம் நம்ம பரீட்சைப் பேப்பர் மாதிரிதான்.)

கோல்ஃப் ஆடுபவர்களிடம் ஓயாத சண்டை ஒன்று உண்டு: "இந்த ஹோல் ரொம்ப ஓவர், டிசைனே தப்பு!" ஹோல் என்றால் பந்து விழும் குழி மட்டும் இல்லை. முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து, குழி இருக்கும் கிரீன் வரை மொத்த நிலமும் சேர்த்துத்தான். பார் 4 என்றால் நன்றாக ஆடுபவர் நாலு அடியில் முடிக்கணும். எல்லாரும் சராசரியாக அஞ்சு அடித்தால் அது கஷ்டமான ஹோல், சரி. அதற்காக டிசைன் தப்பு என்று ஆகிவிடுமா? ஆகாது என்பது என் கட்சி.

நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரையே எடுங்க. நல்லாப் படிக்கிறவனுக்கு 60, சுமாரானவனுக்கு 35 வந்தால் கஷ்டமான பேப்பர். ராத்திரி பூரா படிச்சவனுக்கும் புத்தகத்தையே தொடாதவனுக்கும் ஒரே 20 வந்தால் கெட்ட பேப்பர். ஹோலுக்கும் அதே கணக்கு. சராசரியைப் பார்க்காதீங்க, நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்க.

குர்கானில் டிஎல்எஃப் கிளப்பின் கேரி பிளேயர் கோர்ஸை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். 2019 இந்தியன் ஓப்பன் கடைசி நாளில் ஸ்டீபன் கல்லாகர் ஏழாவது ஹோலில் 8 அடித்தார், பாருக்கு நாலு அதிகம். ஆனாலும் அன்றைக்குக் கோப்பை அவருக்குத்தான், ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்! அதே கோர்ஸில் 2017ல் 7 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தவர் யார்? எஸ்.எஸ்.பி. சௌராசியா. கல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவரின் மகன். பந்தை வெகுதூரம் அடிக்கிற ஆள் இல்லை, கிரீனுக்குப் பக்கத்தில் வித்தை காட்டுகிற ஆள். முரட்டு அடி இல்லாதவர் அங்கே இவ்வளவு பெரிதாக ஜெயிக்க முடிந்தால், அந்தக் கோர்ஸ் ஆட்களைச் சரியாகத்தான் தரம் பிரிக்கிறது.

இன்னொரு பக்கம் 2004 யு.எஸ். ஓப்பன். நியூயார்க் பக்கம் ஷின்னகாக் ஹில்ஸ், ஏழாவது ஹோல், பார் 3. கடைசி நாள் கிரீன் காய்ந்து சிமெண்ட் தரை மாதிரி ஆகி, நல்ல அடிகூட நிற்காமல் உருண்டு வெளியே ஓடியது. ஆட்டம் நடக்கும்போதே இடையிடையே தண்ணீர் ஊற்றினார்கள். அன்றைக்கு ஒருவர்கூடப் பாருக்குக் கீழே முடிக்கவில்லை. பல பத்தாண்டுகளாக இருக்கும் ஹோல், டிசைனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? புல்லை வெட்டியவர்களும் தண்ணீரை நிறுத்தியவர்களும்தான் கெடுத்தது. குர்கானிலும் பாருங்க, 2024ல் ஜெயித்த ஸ்கோர் 17 அண்டர், 2025ல் 4 அண்டர். அதே கோர்ஸ்தான்! அதனால் டிசைனரை வைவதற்கு முன் அன்றைய காற்று, புல், கொடி வைத்த இடம் எல்லாம் பார்க்கணும்.

ஆனால் டிசைனரை வையவே கூடாது என்று சொல்லவில்லை. கோர்ஸ்களுக்கு ஸ்லோப் ரேட்டிங் என்று ஒரு எண் உண்டு, 55லிருந்து 155 வரை, நடுத்தரம் 113. கெட்டிக்காரரைவிட சாதாரண ஆட்டக்காரர் எவ்வளவு அதிகமாகத் திணறுவார் என்பதன் அளவு அது. கிளப்புகளில் பணம் கட்டி ஆடுபவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது ரகம்தான். அவர்களுக்குச் சுற்றுவழியே வைக்காத ஹோலை நான் கெட்ட ஹோல் என்பேன். ஃபுளோரிடாவில் சாக்ராஸ் கோர்ஸின் 17வது ஹோல் 137 கஜம்தான், ஆனால் கிரீனைச் சுற்றிக் குளம். பறந்தே போகணும், உருட்டிப் போக வழியில்லை. 2005ல் பாப் ட்வே என்ற முன்னாள் சாம்பியனே அங்கே 12 அடித்தார். டிவியில் பார்க்க ஜோர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் மாமா பந்துப் பெட்டியையே காலி பண்ணிவிட்டுத்தான் வருவார் :-)

இப்படி ஒரு ஹோல் நம்ம பக்கம் யாராவது கட்டினால் குளத்தைத் தூர்க்கச் சொல்ல மாட்டேன். ஒரு ஓரமாகப் பத்து கஜம் தரை விட்டு, முன்னால் இன்னொரு டீ போட்டால் போதும். தைரியசாலி குளத்தைத் தாண்டட்டும், மற்றவர் ஒரு அடி கூடுதலாகப் போட்டுச் சுற்றி வரட்டும்.