விரலுக்கு ஏற்ற வீக்கம்!



பிளஸ் டூ முடிச்ச அக்கா, அண்ணன் இருக்கிற வீட்டில் லேப்டாப் பேச்சு வராமல் இருக்காது. சீட்டுப் பணத்தை எடுத்தோ, தோட்டை அடகு வைத்தோதான் வாங்குகிறோம். கடையில் "16 ஜிபி ரேம் இருந்தாத்தான் ஓடும்" என்பார்கள். தெரிஞ்சவங்க "4 ஜிபி போதும், எதுக்கு வீண் செலவு?" என்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு 8 ஜிபி சரி என்பதே என் கருத்து.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். 512 ஜிபி என்று போட்டிருப்பது சேமிப்பு இடம். அது பீரோ மாதிரி. ரேம் என்பது நாம் எழுதும் மேசை மாதிரி. பீரோ எவ்வளவு பெரிசானாலும் மேசை சின்னதா இருந்தால் நாலு புத்தகம் விரிக்க முடியாது. மேசை நிறைஞ்சுட்டா கம்ப்யூட்டர் மிச்சத்தைப் பீரோவில் வைத்து வைத்து எடுக்கும். அதனால்தான் திணறுகிறது.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி. அதாவது 64 மடங்கு! ஆகவே 4 என்பது வாசற்படிதான், வீடு இல்லை.

அப்போ 16? வீடியோ எடிட்டிங், பெரிய கேம், இன்ஜினியரிங் வரைபடம் என்றால் வேண்டும். டைப் அடிக்க, பாட வீடியோ பார்க்க, விண்ணப்பம் போட 8 போதும். மேசையில் சும்மா கிடக்கும் இடத்தால் எழுத்து வேகமாக வந்துவிடாது.

"பின்னாடி தேவைப்பட்டால்?" என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்குத்தான் ரேம் சேர்க்கக் காலி ஸ்லாட் இருக்கா என்று பார்க்க வேண்டும். சில லேப்டாப்பில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்து, ஸ்லாட்டும் இல்லாமல் விட்டிருப்பார்கள். அதில் 4 வாங்கினால் கடைசி வரைக்கும் 4-தான். 16-க்குப் போகாமல் மிச்சமாகும் பணத்தில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி உள்ளதை வாங்கலாம்.

சந்தேகமா? விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி எத்தனை சதவீதம் செலவாகிறது என்று அதுவே சொல்லும்.

தோழிகளே, அப்பா கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்க. "சின்னப் பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்றால் சொல்லிட்டுப் போகட்டும். "ரேம் எத்தனை? காலி ஸ்லாட் இருக்கா?" இந்த ரெண்டு கேள்வியைக் கேட்காமல் மட்டும் பணத்தைக் கொடுக்க விடாதீங்க. அது அம்மாவின் தோடு!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி