தோட்டா கைமாறும் கணக்கு யாரிடம் இருக்கிறது?

துப்பாக்கி உரிமம் பெற்ற ஒருவர், தன்னிடம் மீந்திருக்கும் தோட்டாக்களை இன்னொரு தனிநபருக்கு விற்கலாமா? விற்கலாம் என்கிறது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம். அதன் 5ஆம் பிரிவின்படி, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கியையோ தோட்டாவையோ, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள வேறொருவருக்கு வணிக உரிமம் இல்லாமலேயே கைமாற்றலாம். விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் விவரத்தையும் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 45 நாட்கள் கழிய வேண்டும்.

தாளில் இது இறுக்கமான ஏற்பாடுதான். ஆனால் துப்பாக்கிக்கு எண் உண்டு. தோட்டாவுக்குத் தனித்தனி எண் கிடையாது. பயிரைக் காக்கச் சுட்டுத் தீர்த்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க வயல்வெளியில் சாட்சி இல்லை. இரட்டைக்குழல் துப்பாக்கியிலிருந்து சிதறும் ஈய ரவைகளில் குழலின் வரித்தடம் பதிவதும் இல்லை. சுட்டபின் விழுந்த வெற்றுக்கூடு கிடைத்தால்தான் ஓரளவு துப்புக் கிடைக்கும். ஆகவே முழு ஏற்பாடும் அந்தக் கடிதத்தையும், அதைப் பெறும் காவல் நிலையத்தையும் நம்பியே நிற்கிறது.

காவிரிப் படுகையில் அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலவுடைமையாளர்களும் அடியாட்களும் துப்பாக்கிகளோடு நுழைந்தனர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். ஆண்டுதோறும் நாம் நெருப்பை நினைவுகூர்கிறோம். துப்பாக்கியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கல்லையும் கம்பையும் வைத்து எதிர்த்து நின்றவர்களைக் கலைத்தது துப்பாக்கிச் சூடுதான். ஓட முடிந்தவர்கள் வயல்வழியே ஓடினர். முடியாதவர்கள் குடிசைக்குள் ஒதுங்கினர்.

நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் அவர்களை விடுவித்தது. இவ்வளவு செல்வமும் நிலமும் உடையவர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. நிலம் உடையவர் நம்பத்தக்கவர் என்ற இதே எண்ணம் உரிமம் வழங்கும் மேசைக்கும் அந்நியமானது அல்ல. பயிர்ப் பாதுகாப்பையே உரிமத்துக்கான ஒரு காரணமாகச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஏற்கிறது. பயிருக்கு உடையவர் யார் என்பதைப் படுகையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் இருக்கிறது. வன்கொடுமை நிகழக்கூடும் என அடையாளம் காணப்பட்ட பகுதிகளில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை மாநில அரசு நீக்கி, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்கிறது விதி 3. நெருங்கிய உறவினர், பணியாளர், குடும்ப நண்பர் ஆகியோரின் உரிமங்களையும் அது சேர்த்தே சொல்கிறது. விதியை எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

காரணம், படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. உரிமம் இழந்தவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, குறித்த காலத்துக்குள் அவற்றைத் தகுதியுள்ள வேறொருவருக்கு விற்றுக்கொள்ளவும் அனுமதிக்கிறது. அண்ணனின் உரிமம் மட்டும் நீக்கப்பட்டால், உரிமம் உள்ள பங்காளி முறைப்படி வாங்கிக்கொள்ளலாம். ஆயுதம் அதே தெருவில், சேரியைப் பார்த்தபடியே இருக்கும். ஒருவரின் உரிமத்தை மட்டும் நீக்கிவிட்டு ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்று சொல்வதன் பயன் இவ்வளவுதான்.

தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை நமக்குப் பழகியது. வாக்குப்பெட்டிக்கு ஆபத்து என்றால் துப்பாக்கி மேல் அரசுக்கு ஐயம் வருகிறது. கோயில் திருவிழாத் தகராறுக்கும் கூலித் தகராறுக்கும் அந்த ஐயம் ஏன் எழுவதில்லை? தேவை எனக் கருதினால் தலித் மக்களுக்கு உரிமம் வழங்கவும் விதி 3 இடம் தருகிறது. அதை முதன்மைக் கோரிக்கையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரில் இருக்கும் துப்பாக்கியை அகற்றும் கடமையை அரசு கைகழுவ அது வழிவிடும்.

விதி 17இன்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள தோழர்களும் மாணவர்களும் அந்தக் கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கூடவே, வட்டவாரியாக நடப்பில் உள்ள உரிமங்கள் எத்தனை, விதி 3இன்கீழ் நீக்கப்பட்டவை எத்தனை, 5ஆம் பிரிவின்கீழ் வந்த விற்பனை அறிவிப்புகள் எத்தனை, அவற்றில் எத்தனை தோட்டாக்கள் கைமாறின என்றும் கேட்க வேண்டும். பெயர்களைத் தர மறுக்கலாம். எண்ணிக்கையை மறுக்கக் காரணம் இல்லை.