குடியை நிறுத்தியவருக்கும் பாலிசி வேண்டும்

எல்ஐசியின் 300-ஆம் எண் பிரபோசல் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. மது, போதைப்பொருள், புகையிலை ஆகியவற்றை இப்போது பயன்படுத்துகிறீர்களா, அல்லது எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று அது கேட்கிறது. தனியார் நிறுவனங்களின் படிவங்களிலும் இதே கேள்வி வேறு வேறு வடிவங்களில் வருகிறது. நேற்று இரவு டாஸ்மாக் வாசலில் நின்றவரும், பத்து ஆண்டுகளுக்கு முன் குடியை விட்டு அதன்பின் ஒரு சொட்டும் தொடாதவரும் இதற்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். பிறகு விவரம் கேட்டு இன்னொரு கேள்வித்தாள் வரும், ரத்தப் பரிசோதனை வரும். சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பெயர் அதில் இடம்பெற்றுவிட்டால், பலருக்குக் கிடைப்பது 'தள்ளிவைக்கப்பட்டது' அல்லது 'ஏற்க இயலவில்லை' என்ற ஒற்றை வரிக் கடிதம்தான்.

இந்த இடத்தில் ஏஜென்ட் கைகொடுக்க வருகிறார். தியாகராய நகர் அலுவலகமானாலும் மயிலாப்பூர் வீட்டுக் கூடமானாலும் வசனம் பெரிதாக மாறுவதில்லை. "எதுக்கு சார் வம்பு? 'இல்லை'ன்னு போட்டுடலாம். மூணு வருஷம் தாண்டிட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது." எல்லா ஏஜென்ட்டுகளும் இப்படியல்லர். ஆனால் இப்படிச் சொல்பவர் சட்டம் தெரிந்துதான் சொல்கிறார். 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. பாலிசி வழங்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. மோசடிகூட அதன்பின் காரணமாகாது.

பாலிசிதாரரைக் காக்க வந்த நல்ல திருத்தம் இது. முன்பெல்லாம் இருபது ஆண்டு பிரீமியம் கட்டியவரின் குடும்பத்திடமும் பழைய மருத்துவச் சீட்டைத் தோண்டியெடுத்துக் காட்டி இழுத்தடிக்க வழியிருந்தது. ஆனால் குடியிலிருந்து மீண்டவரின் விஷயத்தில் விளைவு தலைகீழாகிவிட்டது. பொய் எழுதியவர் மூன்று ஆண்டு உயிரோடு இருந்துவிட்டால் அவர் குடும்பத்துக்குப் பணம் உறுதி. உண்மை எழுதியவருக்கு முதல் நாளே கதவு சாத்தப்படுகிறது. அதோடு முடிவதுமில்லை. 'இதற்குமுன் உங்கள் விண்ணப்பம் எங்காவது நிராகரிக்கப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா, கூடுதல் பிரீமியத்தில் ஏற்கப்பட்டதா?' என்ற கேள்வியும் படிவங்களில் உண்டு. ஒருமுறை உண்மை சொன்ன குற்றத்துக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் அவர் மறுபடி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

லேப்ஸ் ஆன பாலிசியின் கதை இன்னும் சிக்கலானது. குடித்த காலத்தில் பிரீமியம் கட்டத் தவறியவர்கள், தெளிந்தபின் முதலில் செய்ய நினைப்பது பழைய பாலிசியை உயிர்ப்பிப்பதுதான். லேப்ஸ் ஆகி நாளாகியிருந்தால் அதற்கு உடல்நலம் பற்றிப் புதிதாக எழுதித் தர வேண்டும். மூன்றாண்டுக் கணக்கும் புதுப்பித்த தேதியிலிருந்தே மறுபடி தொடங்கும். பல வீடுகளில் இது தெரியாது. 'பதினைந்து வருஷப் பழைய பாலிசி, யார் கேட்கப் போகிறார்கள்' என்று நம்பியிருப்பார்கள்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. 2014 ஆகஸ்டில் எட்டரை லட்ச ரூபாய்க்கு பஜாஜ் அலையன்ஸ் நிறுவனத்தில் பாலிசி எடுத்த ஒருவர் அடுத்த மாதமே இறந்துபோனார். கல்லீரல் அழற்சியும் நெடுநாள் குடியால் வந்த உபாதைகளும் மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்தன, படிவத்தில் இல்லை. நுகர்வோர் மன்றங்கள் நாமினியான அவருடைய தாயாரின் பக்கம் நின்றன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே கொடுக்கப்பட்ட பணத்தை மட்டும், தாயாருக்கு எழுபது வயது என்பதைக் கருதி, திரும்ப வாங்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் எல்ஐசியின் ஜீவன் ஆரோக்யா என்ற மருத்துவ பாலிசி தொடர்பான வழக்கிலும், நெடுங்காலக் குடிப்பழக்கத்தை மறைத்ததால் பணம் தர மறுத்தது சரி என்றே அந்த நீதிமன்றம் கூறியது.

இந்தத் தீர்ப்புகளோடு நமக்குச் சண்டையில்லை. ரத்த வாந்தி எடுக்கும் நிலையில் பாலிசி எடுப்பதை எந்தக் காப்பீடும் தாங்காது. அந்தச் செலவு நேர்மையாகப் பிரீமியம் கட்டும் மற்றவர்கள் தலையில்தான் விழும். நம் கேள்வி வேறு. மறைக்காமல் முன்வந்து சொல்பவருக்கு இந்த ஏற்பாடு என்ன தருகிறது?

அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடிநோய்க்கு பலியான தன் கணவர் டி.டி.ரங்கநாதனின் பெயரில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளையின் மருத்துவமனை அது. குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்தே உண்டு என்பதை இந்த நகரத்துக்குப் பழக்கியவர் அவர். 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். பிற்பாடு ஐ.நா. சபையின் விருதும் வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்த வாசலைக் கடந்து வெளியே வந்தவர்களில் வங்கி அதிகாரிகள், ஆட்டோ ஓட்டுநர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் உண்டு. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவர்கள், தெளிந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறவர்கள், இவர்கள் எல்லோரிடமும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது. நிறுவனம் தேடும் சாட்சியம் அதுதான்.

சிகிச்சைக்கே போகாதவரிடம் அந்தக் காகிதம் இல்லை. தினமும் மாலை குவார்ட்டர் அடிப்பவர் 'எப்போதாவது விருந்துகளில்' என்று எழுதினால் மறுக்க ஆதாரம் கிடையாது. கல்லீரல் நொதிகள் அன்று அளவுக்குள் இருந்துவிட்டால் சாதாரண பிரீமியத்திலேயே பாலிசி வந்துவிடும்; மருத்துவப் பரிசோதனையே இல்லாத 'நான்-மெடிக்கல்' பாலிசி என்றால் அந்தத் தடையும் கிடையாது. ஆக, இன்றைய முறை குடியைத் தண்டிக்கவில்லை. குடிக்குச் சிகிச்சை பெற்றதைத் தண்டிக்கிறது. 'ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ரெக்கார்டு ஆயிடும், வேலைக்கும் இன்சூரன்சுக்கும் ஆகாது' என்று தயங்கும் குடும்பங்களை மறுவாழ்வு மையத்தில் பணிபுரியும் எவரைக் கேட்டாலும் சொல்வார். அந்தத் தயக்கத்தில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் கல்லீரலின் கணக்கில் ஏறுகிறது. கடைசியில் அந்த நஷ்டம் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கிலும் ஏறும் என்பதை அவர்களது கணித வல்லுநர்கள் கவனிக்காதது வியப்பு.

நிறுவனங்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மீண்டவர் மறுபடி குடிக்கலாம். நின்ற பிறகும் கல்லீரலில் தழும்பு இருக்கலாம். உண்மைதான். முதல் ஓரிரு ஆண்டுகளில் சறுக்குவது மிக அதிகம். ஆனால் அந்த ஆபத்து ஆயுள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வேலியன்ட் அறுபது ஆண்டுக் காலம் ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து குடிக்காமலிருந்தவர்கள் மறுபடி குடிக்கப் போவது அரிது என்று கண்டார். கல்லீரலின் நிலையையோ யூகிக்கவே வேண்டாம். ஜிஜிடி, எஸ்ஜிஓடி போன்ற பரிசோதனைகளும் ஸ்கேனும் சொல்லிவிடும். சர்க்கரை நோயாளிக்கும் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கும் ஆபத்தை அளந்து கூடுதல் பிரீமியம் போடத் தெரிந்த நிறுவனத்துக்கு, குடியை நிறுத்தியவருக்குப் போடத் தெரியாதா? அதிகம் கேளுங்கள், கட்டத் தயாராக இருக்கிறார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு, ஈராண்டு காத்திருக்கச் சொல்வதையும் புரிந்துகொள்ள முடிகிறது. காரணமும் கால அளவும் சொல்லாமல் கதவைச் சாத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதில் சட்டமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளின் துர்ப்பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று அதன் 21-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட விலக்குகளின் பட்டியலில், பன்னிரண்டாவது விலக்கு குடிநோய்க்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும்! நாடாளுமன்றம் சேர்த்ததை ஆணையம் கழித்துவைத்திருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு இந்த விலக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், அதிகாரிகளின் மனப்போக்கு எங்கிருந்து வருகிறது என்று அது காட்டிவிடுகிறது. குடிநோய் நோய் அல்ல, நடத்தைக் கோளாறு என்ற பழைய எண்ணம் விதிமுறையின் மொழியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

எச்ஐவி விஷயத்தில் இந்த நாடு வேறுவிதமாக நடந்துகொண்டது. அதே 2017-இல் வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், காப்பீட்டு ஆபத்துக் கணிப்பு ஆய்வுகளின் ஆதாரம் இல்லாமல் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்கிறது. மறுப்பதை அது முற்றாகத் தடுக்கவில்லை. மறுப்பதற்குக் கணக்குக் காட்டு என்கிறது. பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறது. சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமலிருந்தால், புற்றுநோயையும் ஹெபடைடிஸ் சி-யையும் கடன் காப்பீட்டுக்காகத் தெரிவிக்கவே தேவையில்லை என்று 2022-இல் அங்கே சட்டம் வந்தது. வேலியன்ட் சொன்னதும் ஐந்து ஆண்டு, பிரான்ஸ் சொன்னதும் ஐந்து ஆண்டு. அந்த எல்லையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: கேள்வி கடந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி மட்டும் இருக்கட்டும். அதற்குள் சிகிச்சை பெற்றவரை மறுப்பதென்றால், எந்தப் பரிசோதனை முடிவின் பேரில், மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று எழுத்தில் தரட்டும்.

தமிழ்நாட்டு அரசுக்கு இதில் வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2003 முதல் சில்லறை விற்பனையே அரசின் கையில்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது குடும்பம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. தவித்து நின்ற குடும்பங்களுக்குக் கொடுத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் குடியை விட்டு, சொந்தப் பணத்தில் பிரீமியம் கட்டி, தன் பிள்ளைகளுக்கு அதே 10 லட்சத்துக்கு ஏற்பாடு செய்ய வருபவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அரசு அங்கீகரித்த மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை முடித்தவர்களுக்காக ஒரு குழுக் காப்பீட்டுத் திட்டத்தை மாநில அரசே பேசி முடிக்கலாம். டாஸ்மாக் வருவாயில் அது ஒரு துளிகூட ஆகாது.

அதுவரை என்ன செய்வது? 18 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்கள் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்ச ரூபாய்க் காப்பீடு பெறலாம். மருத்துவப் பரிசோதனை இல்லை. வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் விடாதீர்கள். தனி பாலிசிக்குப் போகும்போது, ஏஜென்ட் என்ன சொன்னாலும், சிகிச்சை பெற்றதைப் படிவத்தில் எழுதுங்கள். கையெழுத்திட்ட பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 'ஏஜென்ட்தான் நிரப்பினார்' என்று பிற்பாடு வாதாடச் சட்டத்தில் ஒரு கைப்பிடி உண்டு. பாலிசி பேசி முடிப்பவர் நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்கிறது அதே 45-ஆவது பிரிவு. ஆனால் பாலிசிதாரர் உயிரோடு இல்லாவிட்டால், மோசடி நடக்கவில்லை என்று காட்டும் சுமை பயனாளிகள்மீது விழும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கணவர் எந்தப் படிவத்தில் எதை எழுதினார் என்றே தெரியாத மனைவி அதை எப்படிக் காட்டுவார்?

அண்ணா சாலையில், தேனாம்பேட்டை ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தின் நான்காவது மாடியில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களைக் கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் அங்கே கொண்டுபோகலாம். பணம் தர மறுத்தால் போகலாம். பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பாலிசி தராவிட்டாலும் போகலாம். விண்ணப்பத்தையே நிராகரித்துவிட்டால் அதைக் கேட்க மட்டும் விதிகளில் ஒரு வகை இல்லை. 2017-இல் வகுத்த அந்த விதிகளை ஒன்றிய அரசு ஏற்கெனவே திருத்தியிருக்கிறது. இன்னொருமுறை திருத்தி, காரணம் சொல்லாத நிராகரிப்பையும் அந்த மாடிக்குக் கொண்டுசெல்ல வழிவிட வேண்டும்.