பழைய கூரையில் புதிய மின்சாரம்

வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு பொருத்த மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு; 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் என்று மானியம் நிர்ணயிக்கப்பட்டது. சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு இது நல்ல திட்டம்தான். ஆனால் மும்பையின் பழைய பகுதிகளில் கூரை ஒருவருடையது, அதன் கீழ் வாழ்கிறவர் வேறொருவர். கட்டிடத்தின் வயதோ நூறை நெருங்குகிறது. அங்கே என்ன செய்வது?

பழம்பெரும் கட்டிடத்தில் தகடே கூடாது என்பது ஒரு கட்சி. வெயில் விழும் இடமெல்லாம் பொருத்திவிடலாம் என்பது மறு கட்சி. இரண்டும் அவசர முடிவுகள். ஓவல் மைதானத்தில் நின்று பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும். 2018-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்ற பகுதி இது. மைதானத்துக்கு மேற்கே 1930-களின் பாணியில் எழுந்த ஆர்ட் டெகோ கட்டிடங்கள். அவை கான்கிரீட் கட்டிடங்கள். மேலே மொட்டைமாடி, அதைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர். தகடுகளைத் தாழ்வாக, ஓரத்திலிருந்து தள்ளி வைத்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்கே படாது. கிழக்கே உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவற்றின் செங்குத்தான ஓட்டுக் கூரையிலும் கோபுரத்திலும் கறுப்புத் தகட்டை ஏற்றினால் அது முகத்தில் ஒட்டிய பிளாஸ்திரி போலத்தான் இருக்கும்.

சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்துக்கும் இதே நியாயந்தான். 1878-ல் தொடங்கிப் பத்தாண்டுகளில் ஸ்டீவன்ஸ் கட்டி முடித்த நிலையம் அது. நாகர்கோவில் வண்டியில் வந்து இறங்கும் தமிழர் வெளியே வந்து முதலில் அண்ணாந்து பார்ப்பது அதன் குவிமாடத்தை. பின்புறம் நீண்டு கிடக்கும் பிளாட்பாரக் கூரைகளை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சூரிய மின்சாரத்துக்கு ஏற்ற இடம் அதுவே.

குஜராத்தின் மோதேரா இதற்கு ஒரு முன்மாதிரி. சோலங்கி மன்னர் முதலாம் பீமன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில் எழுந்த சூரியன் கோயில் உள்ள ஊர். இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் கிராமம் என்று 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 1,300-க்கும் மேற்பட்ட வீடுகளின் கூரையில் தலா ஒரு கிலோவாட் தகடு. பெரிய மின் நிலையமும் இரவுக்குச் சேமிக்கும் பேட்டரியும் அருகிலுள்ள சுஜ்ஜன்புராவில் அமைந்தன. கோயிலின் கல்லில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை. சூரியனுக்கே எழுப்பிய கோயிலுக்கு அந்த மரியாதை தகும்.

மும்பைக்கு 1995 முதலே பாரம்பரியக் கட்டிடங்களுக்கான விதிமுறை உண்டு. கட்டிடங்கள் தரம் பிரிக்கப்பட்டுள்ளன; குழு ஒன்று இருக்கிறது. எந்தத் தரத்தில் எங்கே தகடு வைக்கலாம், எங்கே கூடாது என்பதை எளிய மராத்தியிலும் இந்தியிலும் ஒரே தாளில் அச்சிட்டு மக்களுக்குத் தரலாம். ஒவ்வொரு மனுவுக்கும் தனித்தனியே கோப்பு திறந்தால், காத்திருக்கப் பொறுமையும் வக்கீலுக்குப் பணமும் உள்ளவர்களுக்கு மட்டுமே மின்சாரம் மிச்சமாகும்.

இனி சால்களின் கதை. தாதரிலும் பரேலிலும் மாட்டுங்காவிலும் பழைய சால்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளியும் ஆபீஸ் குமாஸ்தாவும் உருவாக்கிய மும்பையின் வரலாறு இந்தத் தாழ்வாரங்களில்தான் இருக்கிறது. இங்கே முதல் கவலை அழகல்ல, பாதுகாப்பு. ஒரு தகடு இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். தாங்கும் இரும்புச் சட்டம் தனி. மங்களூர் ஓட்டுக்கு அடியில் பல மழைக்காலங்களைக் கண்ட மரச்சட்டம் அந்தச் சுமையையும் ஜூன் மாதக் காற்றின் இழுப்பையும் தாங்குமா? ஓட்டைத் துளைத்துப் போல்ட் முடுக்கினால் மழைநீர் மேல்மாடி அறையில்தான் சொட்டும். இன்னொன்று: மெயின் சுவிட்சை அணைத்தாலும், தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை உள்ள கம்பியில் பகல் முழுதும் மின்சாரம் இருக்கும். மரப்படிக்கட்டின் ஓரமாக அந்தக் கம்பி இறங்கினால், தீ விபத்தின்போது அணைக்க வருபவருக்கும் ஆபத்து.

இவையெல்லாம் எஞ்சினியர் தீர்க்கக்கூடியவை. அவரால் தீர்க்க முடியாதது பங்கு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். பயன்படும் பரப்பு 3,000 சதுர அடி கொண்ட ஒரு சாலில் அறுபது குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது கிலோவாட், நாளைக்கு 120 யூனிட். குடும்பத்துக்கு இரண்டு, மாதத்துக்கு அறுபது யூனிட். மழை மாதங்களில் குறையும். என்றாலும் ஒரு மின்விசிறியும் டியூப்லைட்டும் டெலிவிஷனும் உள்ள அறைக்கு அது சிறிய தொகையல்ல. ஆனால் கூரை சொந்தக்காரருடையது. குடியிருப்போருக்குச் சேர வேண்டிய வெயில் அவருடைய மீட்டரில் மட்டும் ஏறினால், ஒழுகலும் ஆபத்தும் இவர்களுக்கு, லாபம் அவருக்கு என்றாகும்.

ஒரே கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பல வீட்டு பில்களில் பங்கிட்டுக் கழிக்கும் முறைக்கு டெல்லியில் 2019-லேயே நெறிமுறை வகுக்கப்பட்டது. வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த மும்பைக்கு அதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. சால் கூரைக்கு அனுமதி தருமுன் கூரைச் சட்டத்தைப் பரிசோதித்துப் பழுது நீக்கியதற்குச் சான்று கேட்க வேண்டும். ஒவ்வொரு அறையின் பங்கும் எழுதப்பட்ட ஒப்பந்தமும் கூடவே இருக்க வேண்டும். தகடு வைத்ததைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்துவதோ குடியிருப்போரை வெளியேற்றுவதோ செல்லாது என்ற வாசகமும் அந்த ஒப்பந்தத்திலேயே இடம் பெற வேண்டும்.