உருவம், உள்ளடக்கம், உரிமை

ஈழத்து இலக்கிய விமரிசனத்திலே அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உருவம், உள்ளடக்கம் என்பன பற்றி நிகழ்ந்த விவாதத்தைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோர் ஒருபுறமும் அவர்தம் நிலைப்பாட்டை மறுத்தோர் மறுபுறமுமாக நின்று எழுதியவை பல. அவ்விவாதத்தில் எவர் பக்கம் சார்ந்தாலும், நல்லதொரு கலைப்படைப்பிலே உருவத்தை வேறாகவும் உள்ளடக்கத்தை வேறாகவும் பிரித்தெடுத்தல் இயலாது என்பதை இன்று பெரும்பாலார் ஒப்புவர். ஆயின், கலைக்குப் பொருந்தும் அவ்விதி தகவற் களஞ்சியத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். தகவலைப் பொறுத்தவரை உள்ளடக்கத்தை உருவத்தோடு ஒட்டவைக்கும் சமூகம், உருவம் பழுதடையும் நாளிலே உள்ளடக்கத்தையும் இழக்கும். நமது பல்கலைக்கழகங்களும் திணைக்களங்களும் சங்கங்களும் இன்று இணையத்தளம் அமைக்கும் முறை இவ்விழப்பை நோக்கியே செல்கின்றது.

முதலிற் பொருளைத் தெளிவாக்குதல் வேண்டும். இணையத்தளமொன்றைப் பேணுதற்குப் பயன்படும் மென்பொருளை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்பர். 2001இல் வெளிவந்த ட்ரூபல், 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2005இல் வெளிவந்த ஜூம்லா என்பன இவ்வகையின. இவற்றின் பழைய அமைப்பிலே, எழுதியதைச் சேமிப்பதும் அதற்கு நிறமும் எழுத்துருவும் கட்டமும் இட்டுப் பக்கமாக வரைவதும் ஒரே மென்பொருளின் பணிகள். ‘ஹெட்லெஸ்’ எனப்படும் தலையற்ற முறைமையிலோ இவ்விரு பணிகளும் பிரிக்கப்படுகின்றன. இங்கு தலை என்பது வாசகர் காணும் முகம்; உடல் என்பது தகவற் களஞ்சியம். தலைப்பு, திகதி, ஆசிரியர், மொழி, உரை எனக் கூறுகளாகப் பகுத்த தகவலை உடல் காக்கும்; கேட்போருக்கு ஏபிஐ எனப்படும் இடைமுகத்தின் வழியாக, கோலம் எதுவுமின்றி, அதனை வழங்கும். கேட்பது இணையத்தளமாகலாம், கைத்தொலைபேசிச் செயலியாகலாம், மண்டபத்து வாயிலில் உள்ள திரையாகலாம். ஒவ்வொன்றும் தனக்குரிய தலையைத் தானே அமைத்துக்கொள்ளும். ‘தலையற்ற’ என்னும் பெயர் கேட்போரை மருட்டினும், பல தலைகளைத் தாங்கவல்ல உடல் என்பதே அதன் பொருள்.

இத்தத்துவத்தை விளங்கிக்கொள்ள மேனாட்டு நூல்களைத் தேடவேண்டியதில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்வோருக்கு இரணைமடு ஒன்றே போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அமைந்துள்ள அறிவியல்நகருக்கு அண்மையிலேயே அக்குளம் உள்ளது. கனகராயன் ஆற்றின் நீர் ஓரிடத்தில் ஒருமுறை தேக்கப்படுகின்றது. துருசுகளின் வழியே அது வாய்க்கால்களிற் பாய்ந்து வயல்களை அடைகின்றது. எந்த வயலுக்கு எந்த வடிவில் வரம்பு கட்டப்பட்டுள்ளது என்பது குளத்துக்குத் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. வரம்பை மாற்றிக் கட்டினாலும், புதிய வாய்க்கால் வெட்டினாலும் தேக்கிய நீர் தேக்கியபடியே இருக்கும். ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே ஒரு குளம் வெட்ட முனையும் கமக்காரன் உலகில் இல்லை. நமது நிறுவனங்களோ அதனையே செய்கின்றன. ஒரே அறிவித்தலை இணையத்தளத்துக்கு ஒருமுறையும், முகநூலுக்குப் படமாக ஒருமுறையும், குறுஞ்செய்திக்கு மற்றொருமுறையும், அச்சுப்பலகைக்கு இன்னொருமுறையும் தட்டெழுதுகின்றன. திகதி மாறினால் நான்கில் மூன்று திருத்தப்படும்; ஒன்று பழைய திகதியோடு நிலைத்துநிற்கும்.

இதனால் விளையும் கேடு வெறும் வசதிக்குறைவு மட்டுந்தானா? 2018 டிசெம்பர் 21, 22ஆந் திகதிகளிற் பெய்த பெருமழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அவை திறக்கப்பட்ட முறை பற்றிப் பின்னர் விசாரணையும் எழுந்தது. அதன் நியாயங்களை ஆராய்வது ஈண்டு நோக்கமன்று. அத்தகைய ஓரிரவிலே பன்னங்கண்டியிலும் முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் உள்ள குடும்பங்களை ஒரு செய்தி எத்தனை வடிவங்களிற் சென்றடையவேண்டும் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இணையத்தளத்தில் அது பக்கமாக வேண்டும். பழைய கைத்தொலைபேசியில் நான்கு வரிக் குறுஞ்செய்தியாக வேண்டும். வானொலி அறிவிப்பாளருக்கு வாசிக்கத்தக்க உரையாக வேண்டும். பார்வையற்ற ஒருவருக்குக் கணினி உரத்து வாசிக்கும் குரலாக வேண்டும். திகதி, நேரம், கதவு திறக்கப்படும் அளவு, ஊர்கள், செய்யவேண்டியவை எனப் பகுத்துக் களஞ்சியத்தில் ஒருமுறை இட்டால் இவை அனைத்தும் அவ்வொன்றிலிருந்தே பிறக்கும். ஓர் ஊரின் பெயரைக் கொண்டு அவ்வூருக்குரியதை மட்டும் தெரிந்தெடுக்கவும் முடியும். மாறாக, கடிதத்தாளில் அச்சிட்டு, ஒப்பமிட்டு, இறப்பர் முத்திரை குத்தி, நிழற்படமாக்கித் தளத்திலே தொங்கவிடும் வழக்கமே நமது அலுவலகங்களில் மலிந்துள்ளது. அப்படத்தைத் தேடுபொறி காணாது. வாசிக்கும் கருவி வாசிக்காது. சிறு திரையிலே கண்ணுள்ளவரும் வாசிக்கமாட்டார். முத்திரை மட்டும் தெளிவாகத் தெரியும்.

உருவத்தோடு உள்ளடக்கத்தை ஒட்டவைத்ததன் விளைவைத் தமிழர் முன்னரே பட்டறிந்தனர். பாமினி எழுத்துருவிலே ‘அம்மா’ எனத் தட்டெழுதினால் திரையில் அம்மா தோன்றுவாள். கணினியின் நினைவிலோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே இருக்கும். எழுத்துரு உள்ளவரை அது தமிழ். எழுத்துரு நீங்கின் அது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. ஒருங்குறியின் முதலாம் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தும், ஈழத்துப் பதிப்பகங்களும் இதழ்களும் நெடுங்காலம் பாமினியிலேயே தங்கியிருந்தன. அக்காலத்து ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை இன்று தேடுதற்கு எட்டாத பிடிஎப் கோப்புகளாகக் கிடக்கின்றன! எழுத்தின் உருவத்தையே எழுத்தெனக் கொண்டதன் விலை இதுவாகும். எழுத்துருவில் நிகழ்ந்த அதே பிழை இன்று பக்க அளவிலே நிகழ்கின்றது.

இதற்கு மாறான வழியிற் சென்றோரும் உளர். 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் பண்டை இலக்கியங்களைத் தன்னார்வலரைக் கொண்டு தட்டெழுதி வெளியிட்டது. மயிலை, இணைமதி முதலிய எழுத்துருக்களில் தொடங்கிய அப்பணி, பின்னர் டிஸ்கி குறியேற்றத்துக்கும் அதன்பின் ஒருங்குறிக்கும் மாறியது. மூலபாடம் உரையாகவே காக்கப்பட்டமையாற் குறியேற்றம் மாறியபோதும் பாடம் அழியவில்லை. 2005இல் ஈழத்து எழுத்துகளைக் காக்கத் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ என்னும் பல்லூடகக் களஞ்சியம் ஐலண்டோரா என்னும் திறந்த மூல மென்பொருளில் அமைந்தது. அதிலே ஆவணங்களைக் காக்கும் களஞ்சியம் வேறு. அவற்றைக் காட்டும் முகம் வேறு. இவ்விரு முயற்சிகளும் வணிகர் விற்கும் புதுப்பெயர்களை நம்பித் தொடங்கியவையல்ல. பிரித்துவைத்தலின் பயனை வேலையின் வழியே கண்டவை.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் அரசாங்க இணையத்தளங்கள் சிலவற்றில் ‘தமிழ்’ என்னும் சொல்லை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழிலும் உள்ளே ஆங்கிலமும் காணப்படும். பக்கத்தை அலகாகக் கொள்ளும் அமைப்பிலே இந்த வெறுமை எளிதில் மறைந்துவிடும். கூறுகளாகப் பகுத்த களஞ்சியத்திலோ தமிழ் உரைக்குரிய இடம் நிரப்பப்படாதிருப்பது வெளிப்படையாகத் தெரியும். அது நிரப்பப்படும்வரை வெளியிட இயலாதவாறு விதியமைக்கவும் முடியும். மொழியுரிமை மேடையில் மட்டும் பேசப்படும் பொருளன்று. தரவுத்தளத்தின் அமைப்பிலும் அது எழுதப்படவேண்டும்.

தலையற்ற முறைமைக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களை மறைப்பது அறிவுலகுக்கு அழகன்று. ஒன்று, செலவு. பழைய முறையில் ஒருவர் ஒரு மென்பொருளை நிறுவி, கோலமொன்றைத் தெரிந்தெடுத்து, அன்று மாலையே தளத்தைத் திறந்துவிடலாம். தலையற்ற முறையிலோ முகத்தை எழுத நிரலாளர் தனியே வேண்டும். களஞ்சியம், முகம் ஆகிய இரண்டையும் பேணவும் வேண்டும். மற்றொன்று, எழுதுபவரின் இடர்ப்பாடு. தாம் எழுதியது எவ்வாறு தோன்றும் என்பதை அவர் உடனே காண முடியாமற் போகலாம். ஐந்து பக்கமுள்ள சிறு சங்கத்தின் தளத்துக்கு இத்தனை ஆரவாரம் தேவையில்லை என்பதும் உண்மையே. எனினும் இவை கருவியைத் தெரிதல் பற்றிய நியாயங்கள். தத்துவத்தை மறுப்பன அல்ல. 2016 டிசெம்பரில் வெளிவந்த 4.7ஆம் பதிப்பு முதல் வேர்ட்பிரசே தன் உள்ளடக்கத்தை இடைமுகத்தின் வழியே வழங்கிவருகின்றது. இருப்பதை இடித்தெறியாமலே தலையையும் உடலையும் பிரிக்கத் தொடங்கலாம். சிறு சங்கம் தன் கட்டுரைகளை எளிய உரைக் கோப்புகளாக வைத்து, அவற்றிலிருந்து நிலையான பக்கங்களை முன்கூட்டியே ஆக்கிக்கொண்டாலும் அத்தத்துவம் நிறைவேறும். அத்தகைய பக்கங்கள் அலைவரிசை குன்றிய ஊர்களிலும் விரைவாகத் திறக்கும். பதிப்பிக்கும் மென்பொருள் வெளியாருக்குத் திறந்திராமையால் ஊடுருவலுக்கும் இடம் குறையும்.

இவற்றினும் பெரிய ஆபத்து எதிர்ப்போரிடமன்றி விற்போரிடமே உள்ளது. கொன்டென்ட்புல், சனிட்டி முதலிய நிறுவனங்கள் தலையற்ற களஞ்சியத்தை வாடகைக்குத் தருகின்றன. முகம் நம்முடையது, உடல் அவர்களுடையது. வாடகை டொலரிலே கணிக்கப்படும். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது வெளிநாட்டுக்குக் கட்டவேண்டிய சிறு தொகையும் எவ்வளவு பெருஞ்சுமையாயிற்று என்பதை இந்நாட்டில் வாழ்வோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. செயலிகளின் தகவலைக் காத்து வழங்கிய பார்ஸ் என்னும் சேவையை முகநூல் நிறுவனம் 2013இல் வாங்கியது. மூடப்போவதாக 2016 ஜனவரியில் அறிவித்தது. ஓராண்டின் பின் மூடியது. அதன் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டமையாற் பலர் தப்பினர். யாகூ 2009இல் ஜியோசிற்றிஸ் சேவையை மூடியபோது, அங்கு தளம் அமைத்திருந்தோர் பலருக்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை. பிறர் குளத்தில் நீர் தேக்குவோன் துருசின் திறப்பையும் அவரிடமே கொடுத்துவிடுகின்றான்.

இரணைமடுக் கமக்காரர் இவ்வுண்மையை அறிவர். அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் 2010களில் எழுந்தபோது, தம் பயிருக்கு நீர் போதுமா, யார் அதனைத் தீர்மானிப்பது என்று அவர்கள் வினவினர். அவ்விவாதத்தில் எப்பக்கம் நிற்பினும் அவ்வினா நியாயமானதே. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்து நீரின் அளவை நோக்கிக் கூட்டம் கூடித் தீர்மானிக்கும் வழக்கம் அங்குண்டு. தம் அறிவுச் செல்வத்தைக் காக்கும் களஞ்சியத்தைப் பற்றி அத்தகைய கூட்டமொன்றை நமது பல்கலைக்கழகங்கள் கூட்டியதுண்டா?

‘எமது கையில்’ என்பது ‘எமது அறையிலுள்ள ஒரு கணினியில்’ என்று பொருள்படாது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி கப்பம் கோரும் தீநிரலுக்கு இரையானபோது, மே மாத நடுப்பகுதி முதற்கொண்ட மின்னஞ்சல்கள், மாற்றுப் பிரதி இன்மையால், மீளவில்லை. ஒரே பிரதியை ஓரிடத்தில் வைப்பதன் பொருளை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாளிலிருந்து தமிழர் அறிவர். 2009இல் வன்னியிலிருந்து வெறுங்கையோடு வந்தோர் மேலும் அறிவர். உருவத்திலிருந்து பிரிக்கப்பட்ட உள்ளடக்கத்துக்குள்ள பேருதவி இதுவே: அதனைப் பிரதிசெய்தல் எளிது. கோலத்தோடு பிணைந்த தளத்தை இடம்மாற்றுவது வீட்டைப் பெயர்த்துச் செல்வதை ஒக்கும். பகுத்த உரையைக் காவிச்செல்வது விதைநெல்லைக் காவிச்செல்வதை ஒக்கும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருத்தல் வேண்டும். பொதுப்பணத்தில் அமையும் எந்தத் தளத்திலும் உள்ளடக்கம் முகத்திலிருந்து பிரிந்து, ஒருங்குறியில், திறந்த வடிவில் இருக்கவேண்டும். களஞ்சியம் ஸ்ட்ராப்பி போலத் தம் சொந்த வழங்கியில் நிறுவத்தக்க மென்பொருளில் அமையவேண்டும். வாடகைச் சேவையை நாடுவதாயின், முழுவதையும் எந்நேரமும் வெளியே எடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். வெவ்வேறு ஊர்களில் மூன்று பிரதிகளேனும் வேண்டும். தமிழ் உரை மொழிபெயர்ப்பின் எச்சமாக நில்லாது மூலக்கூறாக இடம்பெறவேண்டும். கேள்விப் பத்திரத்தில் நிறத்தையும் அசையும் படங்களையும் விரிக்கும் அதிகாரிகள் இந்நான்கையும் முதலில் எழுதுவார்களாக.

இப்பணியைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுத் தமிழ்ச் சங்கங்கள் ஒதுங்கியிருத்தல் தகாது. ஆண்டுதோறும் வெளிவரும் சங்க மலர்களிலே தொடங்கலாம். பழைய மலர்களின் கட்டுரைகளை ஆசிரியர், ஆண்டு, பொருள், உரை எனப் பகுத்து ஒருங்குறியில் ஏற்றும் வேலைக்குத் தமிழ் மாணவரின் மொழியறிவும் வேண்டும், பொறியியல் மாணவரின் நிரலறிவும் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் இவ்விரு திறத்தாரும் உளர். முகப்புத் திறப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினரைத் தேடும் நேரத்தில் ஒரு மலரையேனும் ஏற்றிமுடிக்கலாம்.