வாக்கி டாக்கி வாங்கலையோ..!

எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல வருஷா வருஷம் ஒரே கூத்துதான். கூட்டம் சேர்ந்ததும் செல்போன் டவர் திணறிடும். மேடையில மைக் அவுட்டுன்னு சொல்ல, பார்க்கிங் வரைக்கும் மூச்சிரைக்க ஓடணும். 'ஆளுக்கொரு வாக்கி டாக்கி வாங்கிட்டா என்ன?'னு இந்தத் தடவை நான் கிளம்பிட்டேன்.

விசாரிச்சா பலரும் சொன்ன பேரு, பாவோஃபெங் யூ.வி-5ஆர். சீனத் தயாரிப்பு, சில ஆயிரம் ரூபாய்தான், 128 சேனல்களை நினைவில் வெச்சுக்கும். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கின ஃபைனல் இயர் அண்ணன்கிட்ட இதே செட் இருக்கு. "அண்ணே, புரோகிராம் பண்ணக் கத்துக்குடுங்க"ன்னு அவர் ரூம்ல போய் உட்கார்ந்தேன்.

கீபேடுலயே அடிக்கலாம், விரல் தேய்ஞ்சிடும். சுலபமான வழி, ஒரு யூ.எஸ்.பி. கேபிளும் 'சிர்ப்'ங்கிற இலவச சாஃப்ட்வேரும். செட்டை அணைச்சுட்டு பிளக்கை நல்லா அழுத்திச் செருகி, அப்புறம் ஆன் பண்ணணும். முதல்ல செட்டுல இருக்கிறதைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி ஒரு காப்பி சேமிக்கணும். சொதப்பினா அதுதான் காப்பாத்தும். ரிப்பீட்டர் வழியா பேச மூணு விஷயம் முக்கியம்: கேட்கிற அலைவரிசை, அதுக்கும் பேசுற அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம் (2 மீட்டர் பேண்டுல வழக்கமா 600 கிலோஹெர்ட்ஸ்), ரிப்பீட்டரைத் திறக்கிற டோன். ஒண்ணு தப்பினாலும் நம்ம பேச்சு ரூமைத் தாண்டாது!

'ஃபெஸ்ட்டுக்கு ஒரு சேனல்'னு நானா 156.800 அடிச்சேன். ரவுண்டா அழகா இருந்துச்சு. கட்டைவிரல் பேசுற பட்டன் மேல. அண்ணன் செட்டை வெடுக்குனு பிடுங்கிட்டார். "டேய், அது கடல்ல ஆபத்துன்னா கூப்பிடுற சேனல் 16. படகு கவிழ்ந்தவன் கத்துறப்ப, நீ 'மைக் டெஸ்டிங்'னு சொல்லிட்டிருப்ப!" எங்க ஹாஸ்டல் மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும். எனக்கு வேர்த்துடுச்சு.

எந்த அலைவரிசை யாரோடதுன்னு செட்டுக்குத் தெரியாது. அடிச்சா ஒத்துக்கும். தெரிஞ்சிருக்க வேண்டியது நாமதான். லைசென்ஸ் இல்லாம இந்த செட்டை வெச்சிருக்கிறதே சட்டப்படி தப்பு. லைசென்ஸ் விவரம் சொல்லாம வாக்கி டாக்கி வித்த ஆன்லைன் கடைகளுக்கு, 2025-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸே அனுப்புச்சு.

அப்போ ஃபெஸ்ட்? 446.0-446.2 மெகாஹெர்ட்ஸ்ல இயங்குற குறைஞ்ச சக்தி செட்டுகளுக்கு 2018-ல லைசென்ஸ் விலக்கு குடுத்துட்டாங்க. அதுக்குன்னே முறைப்படி அனுமதி பெற்ற செட்டா பார்த்து வாங்கப்போறோம். கேம்பஸுக்கு அது போதும்.

நான் மட்டும் ஹாம் தேர்வுக்குப் படிக்கிறேன். 2004 டிசம்பர் சுனாமியில அந்தமான் தொடர்பு அறுந்தப்போ, போர்ட் பிளேர்ல இருந்த பாரதி பிரசாத் குழுவோட ஹாம் செட்தான் சேதி சொல்லுச்சு. அந்தக் கதையை அண்ணன் சொன்னதுலேருந்து, அந்த பட்டனைத் தகுதியோட அமுக்கணும்னு ஆசை.

கடைசியா ஒண்ணு... 'ஓவர்'னா 'பதில் சொல்லு', 'அவுட்'னா 'பேச்சு முடிஞ்சுது'. ரெண்டையும் சேர்த்து அடிச்சு விடுறது சினிமா ஹீரோ வேலை. அதனால... வர்றேன் மக்களே, அவுட்!