சொல் மாறியது, பாட்டு பிழைத்தது

கொயர் என்று சொல்கிறோமே, அந்தச் சேர்ந்திசைக் குழுவில் உங்கள் பிள்ளை இருந்தால் எரிக் விட்டேக்கர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முகம் மலரும். இன்று உலகெங்கும் சேர்ந்திசைக் குழுக்கள் விரும்பிப் பாடும் அமெரிக்க இசையமைப்பாளர் அவர். அவருடைய 'ஸ்லீப்' என்ற பாட்டுக்கு ஒரு கதை உண்டு. பாட்டு எழுதுவோரும் மெட்டுப் போடுவோரும் நம்மிடையே நிறைய இருப்பதால் அதை இந்த வாரம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பாட்டு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பக்கவாத்தியம் இல்லாமல் பாடுவது. பியானோ கிடையாது, சுருதிப் பெட்டி கிடையாது. தொடங்குமுன் ஒரு சுரத்தைக் காதில் போடுவார்கள். அதன்பின் குரலை நம்பித்தான் எல்லாம். நம் பஜனையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். இங்கே சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று குரல்கள் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரத்தைப் பிடிக்கும். ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் காதைக் கடிக்கும் அல்லவா? அதே சுரங்களை மனிதக் குரலில் மெதுவாக அடுக்கிக் காதுக்கு இதமாக்குவது விட்டேக்கரின் கைப்பக்குவம். குழு கொஞ்சம் அசந்தாலும் சுருதி இறங்கிவிடும். தாங்கிப் பிடிக்க மேடையில் வேறு எதுவும் இல்லை.

இனி கதைக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு பாடகி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லறம் நடத்திய அவருடைய அப்பாவும் அம்மாவும் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாக ஒரு பாட்டு வேண்டும் என்று விட்டேக்கரிடம் கேட்டார். எந்தக் கவிதை என்பதையும் அவரே சொன்னார். ராபர்ட் ஃபிராஸ்ட் எழுதிய புகழ்பெற்ற கவிதை அது. பனி பெய்யும் மாலையில் காட்டோரம் குதிரையை நிறுத்திவிட்டு நிற்கும் ஒருவனைப் பற்றியது. 1923இல் அச்சேறியது.

விட்டேக்கர் ஒவ்வொரு சுரமாகப் பார்த்துப் பார்த்து அமைத்தார். 2000 அக்டோபரில் ஆஸ்டினில் பாட்டு அரங்கேறியது. நல்ல வரவேற்பு. அடுத்த ஆண்டு இன்னொரு பெரிய மேடையிலும் பாடினார்கள். 'எங்களுக்கும் வேண்டும்' என்று குழு நடத்துநர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன.

அப்போதுதான் சிக்கல். கவிதையைப் பயன்படுத்த விட்டேக்கர் அனுமதி வாங்கியிருக்கவில்லை. அதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே கவிதைக்கு வேறு பல இசையமைப்பாளர்கள் மெட்டமைத்து வெளியிட்டிருந்ததைப் பார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிட்டாராம். உண்மையில், ஃபிராஸ்டின் படைப்புரிமையைக் காப்பவர்கள் சில மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கதவை மூடியிருந்தார்கள். கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் பயனில்லை. பாட்டை வெளியிடவும் கூடாது, பாடவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் ஒரு காலக் கொடுமையும் உண்டு. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி 1923இல் வெளிவந்த எழுத்துக்கு 75 ஆண்டுகள்தான் காப்புரிமை. 1999 ஜனவரி முதல் நாள் அந்தக் கவிதை பொதுச்சொத்தாகி இருக்க வேண்டும். ஆனால், 1998 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் காப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டியது. சட்டம் மாறாமல் இருந்திருந்தால் ஆஸ்டின் அரங்கேற்றத்தின்போது யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதே இல்லை. மாறியதால் 2019 வரை காத்திருக்க வேண்டும்.

விட்டேக்கர் காத்திருக்கவில்லை. கவிஞரான தம் நண்பர் சார்ல்ஸ் ஆன்டனி சில்வெஸ்ட்ரியிடம் போனார். 'மெட்டை மாற்ற மாட்டேன். இதற்குப் பொருந்தப் புதுச் சொற்கள் வேண்டும்' என்பது அவர் வேண்டுகோள். நம் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டெழுதுவது அன்றாட வேலை. ஆனால், இது அதைவிடக் கடினம். ஃபிராஸ்டின் கவிதையில் 16 வரிகள், வரிக்கு 8 அசைகள். எந்த அசையில் அழுத்தம் விழுகிறது, எந்தச் சொல்லில் இசை உயர்கிறது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டவை. இறுதியில் 'தூக்கம்' என்ற பொருளுடைய சொல்லை மீண்டும் மீண்டும் பாடிக்கொண்டே குரல்கள் தேய்ந்து மறையும். அந்தச் சொல்லையே கருவாக எடுத்துக்கொண்டார் சில்வெஸ்ட்ரி. காடு போனது, குதிரை போனது. படுக்கையில் கண் அயரும் நேரமும் அப்போது மனத்தில் எழும் அச்சமும் அமைதியும் வந்தன.

அந்தப் பாட்டுதான் 'ஸ்லீப்'. 2011இல் விட்டேக்கரின் இணையவழிச் சேர்ந்திசைக்காக 58 நாடுகளைச் சேர்ந்த 2,000க்கும் மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே இதைப் பாடி அனுப்பினார்கள். புதுச் சொற்களே இப்போது தமக்கு அதிகம் பிடித்திருப்பதாக விட்டேக்கர் சொல்லியிருக்கிறார்.

வழக்கமாக இந்தக் கதையை இங்கே மகிழ்ச்சியாக முடித்துவிடுவார்கள். என் மனம் அந்தப் பாடகியிடமே நிற்கிறது. அவர் பெற்றோருக்காகத் தேர்ந்தெடுத்தது ஒரு குறிப்பிட்ட கவிதையை. உலகம் பாடுவதோ வேறொன்றை. பாட்டு பிழைத்தது என்பது உண்மை. அவர் கேட்டது அவருக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

அதற்காகக் கவிஞர் தரப்பை வில்லனாக்க நான் தயாரில்லை. எழுதியவருக்கு உரிமை உண்டு. அவர் இல்லாதபோது அதைக் காப்பவர்களுக்கும் உண்டு. உரிமை எவ்வளவு காலம் நீள வேண்டும் என்பதில்தான் எனக்குக் கேள்வி. பாரதியாரை எண்ணிப் பாருங்கள். அவர் பாடல்களைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.மெய்யப்பன் கையில் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தன்வசம் எடுத்துக்கொண்டு, பின்னர் எல்லாருக்கும் பொதுவாக்கியது. நம் தமிழ்ப்பள்ளி விழாவில் எட்டு வயதுப் பிள்ளை பாரதி பாட்டைப் பாடும்போது யாரும் கடிதம் அனுப்புவதில்லை என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

ஆனால், எல்லாக் கவிஞர்களும் பாரதி அல்லர். மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரையும், சிங்கப்பூர்ச் சட்டப்படி 70 ஆண்டுகள் வரையும் படைப்புரிமை நீடிக்கும். பட்டமளிப்பு விழாவுக்கோ கலை இரவுக்கோ உள்ளூர்க் கவிஞர் ஒருவரின் கவிதைக்கு மெட்டுப் போட நினைக்கும் இளையர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு பிறகு வரட்டும், முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தக் கவிதை, எந்த நிகழ்ச்சி, பதிவுசெய்து இணையத்தில் ஏற்றப் போகிறீர்களா என்று மூன்று வரி போதும். பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.

நம் கவிஞர்களில் பலர் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். தம் வரிகளை நாற்பது குரல்கள் சேர்ந்து பாடப் போகின்றன என்று கேட்டால் யாருக்குத்தான் மகிழ்ச்சியாக இருக்காது? ஒருவேளை மறுத்தால், ஒத்திகைக்கு முன்பே தெரிந்துவிடும். வேறு கவிதை தேட நேரமும் இருக்கும்.